பனி தூக்கிய நிலைக்கால்

தும்மல் வருவது தெரிந்ததும் வெர்லின் டோலெஃப்சன் இரண்டு கைகளாலும் எதையாவது பிடித்துக்கொள்வார். வீட்டில் என்றால் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பு. தேவாலயத்தில் என்றால் முன்வரிசை பெஞ்சின் முதுகு. ஒருமுறை கைகுலுக்க வந்த போதகரின் முழங்கையே அகப்பட்டது. கண்ணை இறுக மூடி, முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு தும்முவார். தும்மி முடித்ததும் அப்படியே நின்று உடம்புக்குள் ஒரு சுற்று விசாரித்துவிட்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது உறுதியான பிறகுதான் பிடியை விடுவார். ஏன் இப்படி என்று கேட்டால், "மரியாதைப்பா. அடுத்தவங்க மேல எச்சில் தெறிக்கக் கூடாதில்ல?" என்பார்.

போன வசந்தத்தில் தும்மியபோது அவருக்கு விலா எலும்பு ஒன்று முறிந்துபோனது எங்கள் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். ஆனால் அவர் ஊரில் சொன்னது மாடு உதைத்துவிட்டது என்று. மாடுகளையெல்லாம் விற்று ஆண்டுகள் ஆகிவிட்டன. தீவனக் கடையில் ஒருவர், "எந்த மாடுங்க?" என்று அப்பாவியாகக் கேட்டார். வெர்லின் அசரவில்லை. "பழைய மாடுதான். அது அன்னிக்கு உதைச்சது இப்பதான் வேலை காட்டுது" என்றார்.

எழுபதைத் தாண்டியவர். மாடுகள் போய்விட்டாலும் மாட்டுக்காரரின் காலை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. விடியும் முன் எழுந்து தொழுவத்துக்குப் போவார். அங்கே வெறும் கட்டுத்தறிகளுக்கு நடுவே ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். மாடுகள் அமைதியாகப் பால் கொடுக்கட்டும் என்று வைத்தது. அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பாட்டு கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, பார்க்காமலே கையை நீட்டிப் பால் ஜாடியை எடுப்பார். காலையில் பால், மதியம் பால், படுக்கப் போகுமுன் பால். வெள்ளிக்கிழமை மாலை ஊரே மீன் வறுவலுக்கு மதுவிடுதியில் கூடும்போது, இவர் முதலில் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுத்தான் பிராந்தியைத் தொடுவார்.

"ரெண்டும் உள்ள போய் சண்டை போட்டுக்காதா?" என்று பரிமாறும் பெண் ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

"பால் எலும்புக்கு. பிராந்தி எனக்கு. அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு."

பிறகு முழங்கையால் மேசையைத் தட்டிக்காட்டி, "இது எலும்பு இல்லம்மா, கான்கிரீட்டு" என்பார். முன்பெல்லாம் தட்டினால் பக்கத்து மேசைக் கரண்டிகள் குதிக்கும். விலா முறிந்த பிறகு சற்று மெதுவாகத்தான் தட்டுகிறார்.

அவர் குள்ளமாகிக்கொண்டு வந்ததை முதலில் கவனித்தது கால்சட்டைகள்தான். பழைய கால்சட்டையின் ஓரம் தரையைப் பெருக்க ஆரம்பித்தது. "இப்ப வர்ற துணி எல்லாம் துவைக்கத் துவைக்க நீளுது" என்று அவர் அலுத்துக்கொண்டார். மனைவி ஆர்டிஸ் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்து வண்டியின் இருக்கை பள்ளமாகிவிட்டது. அதில் ஒரு மெத்தை வந்தது. அதற்கடுத்து மேல்தட்டில் இருந்த காபித் தூள் டப்பா. வெர்லின் நுனிக்காலில் நின்று விரல்களால் துழாவுவதை ஆர்டிஸ் ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தார். மறுநாள் காலை டப்பா கீழ்த்தட்டில் இருந்தது. அன்றைக்குக் காபி வழக்கத்தைவிடத் திக்காக இருந்தது.

இத்தனை சாட்சிகள் சொல்லியும் வெர்லின் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பழியைப் போட அவரிடம் வேறோர் ஆள் இருந்தது. தொழுவத்தை ஒட்டிய பால் அறையின் கதவு நிலைக்கால்.

அந்த வீட்டில் ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளன்று, வான்கோழி அடுப்பில் வேகும் நேரத்தில், எல்லாரும் பால் அறைக்குப் போய் நிலைக்காலில் முதுகைச் சாய்த்து நிற்பார்கள். தலைக்கு மேல் மட்டப்பலகையை வைத்துப் பென்சிலால் கோடு கிழிப்பார்கள். வெர்லினின் அப்பா தொடங்கி வைத்த வழக்கம். பிள்ளைகளின் கோடுகள் வரிசையாக ஏறிப்போகும். வெர்லினின் கோடுகளும் ஒரு காலத்தில் ஏறின. பிறகு பல ஆண்டுகள் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கருப்புத் தீற்றலாக நின்றன. அதன் பிறகு இறங்கத் தொடங்கின. ஆர்டிஸுக்கு அங்கே ஒரே ஒரு கோடுதான் உண்டு. கல்யாணமான வருஷம் வெர்லினே கிழித்தது. "இதுக்கு மேல நீ வளர வேண்டாம், எனக்கு இது போதும்" என்று அப்போது சொன்னாராம். அதற்குப் பிறகு ஆர்டிஸ் நிற்கவே இல்லை. நன்றி நாளில் அவருக்கு அடுப்பில் எப்போதும் வேலை இருந்தது.

கோடு ஏன் இறங்குகிறது என்பதற்கு வெர்லின் சொல்லும் காரணம் எங்கள் பக்கத்தில் யாரும் எளிதில் மறுக்க முடியாதது. குளிர்காலத்தில் தரைக்கடியில் ஈரம் உறைந்து, மேலே இருப்பதையெல்லாம் தூக்கிவிடும். வேலிக் கம்பங்கள் எழும்பிச் சாயும். போன வருஷம் கல் பொறுக்கிய வயலில் இந்த வருஷமும் புதுக் கற்கள் முளைத்து நிற்கும். விஸ்கான்சினில் மாடு வைத்திருந்த எவருக்கும் இது பாலபாடம். "நான் அப்படியேதான் இருக்கேன். பனி அந்த நிலைக்காலைத் தூக்கிருச்சு. அதோட சேர்ந்து பழைய கோடெல்லாம் மேல போயிருச்சு. தரை மட்டும் கீழேயே நின்னுருச்சு. அவ்வளவுதான் விஷயம்" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அவரவர் வீட்டிலும் ஏதோ ஒன்றைப் பனி தூக்கியிருக்கும்.

ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் ஆர்லின் கிரேவ். பக்கத்துப் பண்ணைக்காரர், வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன், கடிதப் பெட்டிக்குப் போன வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லத்துக்குப் போனவர் பண்ணைக்குத் திரும்பவே இல்லை. ஞாயிறுதோறும் வெர்லின் சீட்டு விளையாடப் போவார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆர்லின் அவரை மேலும் கீழும் பார்ப்பார்.

"டேய், நான் உக்காந்திருக்கேன், நீ நிக்கறே. ரெண்டு பேர் தலையும் ஒரே உசரத்துல இருக்கு. இங்கேயும் பனி தூக்கிருச்சா?"

"சீட்டைப் போடுடா."

"போடறேன், போடறேன். நீ ஒழுங்கா நட. எனக்குப் பக்கத்து ரூமு காலியாத்தான் இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை வெர்லின் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அந்த அறை காலியாக இருப்பது அவருக்கும் தெரியும். ஆர்லினின் மனைவிக்குத் துணையாக அங்கே போய்ப் போய், ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரை தெரியும்.

அக்டோபரில் அது நடந்தது. கிணற்றின் கடின நீரை மென்மையாக்கும் தொட்டியில் போட உப்பு மூட்டை வேண்டும். நிலவறையில் அந்த மூட்டையை வெர்லின் குனிந்து தூக்கினார். முதுகில் காய்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல ஒரு சத்தம். மூட்டையை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். ஆர்டிஸ் வந்து பார்த்தபோது, "சும்மா உக்காந்திருக்கேன். காத்து நல்லா வருது" என்றார். அந்த நிலவறையில் ஜன்னலே கிடையாது.

ஆர்டிஸ் அவரைக் கூட்டிப்போன ஊர் மருத்துவ நிலையத்தில் செவிலியராக இருப்பவள் மாரிசோல். அவளுடைய அப்பா பல ஆண்டுகள் வெர்லினின் தொழுவத்தில் பால் கறந்தவர்; அவள் அங்கேதான் கன்றுக்குட்டிகளோடு வளர்ந்தாள். அதனால் அவளிடம் வெர்லினின் பாச்சா பலிக்காது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் இயந்திரத்தில் அவரைப் படுக்க வைத்தார்கள். வலி இல்லை, ஊசி இல்லை, மேலே இயந்திரத்தின் கை ஒன்று மட்டும் நகர்ந்து போயிற்று. எழுந்ததும், "பாத்தியா, கான்கிரீட்டு" என்றார். மருத்துவர் பார்த்து முடித்ததும் மாரிசோல் படத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"முதுகெலும்புல ரெண்டு இடம் நசுங்கியிருக்கு ஐயா. ஒண்ணு இப்ப ஆனது. இன்னொண்ணு எப்பவோ ஆனது, உங்களுக்கே தெரியல. எலும்புப்புரைன்னு பேரு. வெளியில பாத்தா எலும்பு எலும்பாத்தான் இருக்கும். உள்ள ஓட்டை பெருசாகிட்டே போகும்."

"அது பொம்பளைங்க வியாதி."

"பொம்பளைங்களுக்கு அதிகம். ஆம்பளைங்களுக்கு வராதுன்னு யார் சொன்னா? உங்களுக்கு வைக்கோல் தூசியில நுரையீரல் கெட்டுப் போச்சே, அதுக்கு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீங்களே. மூச்சைக் காப்பாத்தினது அதுதான், எலும்பைக் கரைச்சதும் அதுதான்."

வெர்லினுக்குத் தன் பசுக்கள் ஞாபகம் வந்தன. முகம் தெளிந்தது. கன்று போட்ட பசு சில சமயம் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, காது சில்லிட்டு, எழ முடியாமல் படுத்துவிடும். கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து போய்ப் புல் தின்னும். அவர் கையால் எழுப்பிய பசுக்களுக்குக் கணக்கே இல்லை.

"எனக்கும் ஒரு பாட்டில் ஏத்திவிடும்மா. எழுந்து போயிடறேன்."

மாரிசோல் சிரித்தாள். "அந்தப் பசுவுக்கு ரத்தத்துல குறைஞ்சுது, ரத்தத்துல ஏத்தினோம், எழுந்துச்சு. உங்களுக்கு ரத்தத்துல குறைவே இல்ல. எலும்புலதான் குறைவு. நீங்க குடிக்கிற பாலு செங்கல் மாதிரி. நல்லதுதான், வேணும்தான். ஆனா செங்கல்லை வாசல்ல கொட்டிட்டா சுவர் எழுந்துருமா? எடுத்து அடுக்க ஆள் வேணும். வெயில் படணும், நடக்கணும், கொஞ்சம் பளு தூக்கிப் பழகணும். உங்க நிலைமைக்கு அதுவும் போதாது. ஊசியும் போடணும். தினம் வயித்துல சின்னதா ஒரு குத்து, நீங்களே போட்டுக்கலாம்."

மாடுகளுக்கு வாழ்நாளெல்லாம் ஊசி போட்ட அந்த மனிதரின் முகம் அப்போது போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மருந்தை ஆர்டிஸ் வாங்கி வந்தார். குளிரில் வைக்க வேண்டிய மருந்து. "வாங்கினா வாங்கு. நான் குத்திக்க மாட்டேன்" என்று வெர்லின் முடிவாகச் சொன்னார். மருந்துப் பெட்டி கண்ணில் படாமலிருக்க, குளிர்பதனப் பெட்டியில் பால் ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை நடக்கும் எலும்புப் பயிற்சி வகுப்புக்கு ஆர்டிஸ் இழுத்துப்போனார். அங்கே ஊர்ப் பெண்கள் எல்லாம் நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்கள். வெர்லின் வாசலிலேயே நின்று ஒரு குவளை காபி குடித்துவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்கு வெக்கமா இருக்கு. எனக்குப் புரியுது. எனக்கு என்னவா இருக்கு தெரியுமா? பயமா இருக்கு. ராத்திரி நீ பாத்ரூம் போற சத்தம் கேட்டா, நீ திரும்பிப் படுக்கற வரைக்கும் நான் மூச்சு விடறதில்ல."

"நான் எங்க விழுந்தேன்?"

"ஆர்லினும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் விழல, வெர்லின்."

"நான் குறையவே இல்லங்கறேன். அந்த நிலைக்காலைத்தான் பனி..."

"சரி. நன்றி நாள் வரட்டும்" என்றார் ஆர்டிஸ். மேலே ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினால் தொழுவத்துப் பூனைகள்கூட ஒதுங்கிக்கொள்ளும்.

நன்றி நாளன்று மகள் ஜோலீன் தன் பெண் பிரிட்டாவோடு வந்திருந்தாள். வான்கோழி வெந்துகொண்டிருந்தது, உருளைக்கிழங்கு ரொட்டி துணிக்கடியில் சூடாக இருந்தது. எல்லாரும் பால் அறைக்குப் போனார்கள். பிரிட்டா நின்றாள். ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று ஏறியிருந்தாள். அவளுக்கு அடுத்து வெர்லின். காலில் கனத்த குதிகால் வைத்த பூட்ஸ். தலையில் மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறத் தடித்த தொப்பி. சில வருஷங்களாகவே இந்த அலங்காரத்தில்தான் நிற்கிறார்.

"தாத்தா, தொப்பி!" என்றாள் பிரிட்டா.

"எடுத்தா சளி பிடிக்கும். கோட்டைக் கிழி."

ஜோலீன் கோட்டைக் கிழித்தாள். தொப்பி, பூட்ஸ் எல்லாம் சேர்த்தும் போன வருஷத்துக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. பிரிட்டாவின் கோட்டுக்கும் கீழே. வெர்லின் திரும்பிப் பார்த்துவிட்டு, "பனி பலமாத் தூக்கியிருக்கு" என்றார்.

"இன்னும் தரையே உறையலையேப்பா."

"போன வருஷத்துப் பனி."

அப்போதுதான் ஆர்டிஸ் வந்தார். அடுப்பை விட்டுவிட்டு, சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து வந்தார். நன்றி நாளன்று அவரைப் பால் அறையில் பார்த்த நினைவு ஜோலீனுக்கே இல்லை. ஆர்டிஸ் செருப்பைக் கழற்றினார். வெறும் சாக்ஸ் காலோடு சிமெண்டில் ஏறி, நிலைக்காலில் குதிகாலையும் முதுகையும் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கிழி ஜோலீன்."

ஜோலீன் பலகையை வைத்துக் கோட்டைக் கிழித்தாள். ஆர்டிஸ் விலகினார். கல்யாண வருஷத்துப் பழைய கோடு, அதற்கு ஒரு பென்சில் தடிமன் கீழே புதுக்கோடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆர்டிஸ் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "என் கோடும் இதே நிலைக்கால்லதான் இருக்கு. பனி உன்னுதை மட்டும் பாத்துத் தூக்கிச்சா?"

வெர்லின் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார். கட்டைவிரலால் பழைய கோட்டைத் தடவினார். கையில் ஒரு காரணமும் மிச்சமில்லாத வெர்லினை அந்தக் குடும்பம் அன்றுதான் பார்த்தது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஜோலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கவிழ்த்து வைத்திருந்த பால் வாளியில் உட்கார்ந்து, அவசரப்படாமல், முதுகை வளைக்காமல், பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. எழுந்து நிலைக்காலில் சாய்ந்து நின்றார். பென்சிலை ஜோலீனிடமிருந்து வாங்கி ஆர்டிஸிடம் கொடுத்தார்.

"நீயே கிழி. உன்னுதை நான்தானே கிழிச்சேன்."

ஆர்டிஸ் கிழித்தார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. ஜோலீன் கிழித்ததைவிட அது இன்னும் கீழே. பழைய கருப்புத் தீற்றலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை அகலம் வெற்று மரம். வெர்லின் அந்த இடைவெளியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சரியாக அடங்கியது.

"நிறையத்தான் போயிருக்கு" என்றார்.

"இருக்கறதை வெச்சுக்குவோம்" என்றார் ஆர்டிஸ்.

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். வான்கோழி வந்தது, மசித்த உருளைக்கிழங்கு வந்தது, குழம்பு வந்தது. வெர்லின் வழக்கம்போல எழுந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். வழக்கம்போல, பார்க்காமலே, கை பால் ஜாடியைப் பிடித்தது. ஆனால் அதை எடுக்கவில்லை. ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பின்னால் கையை விட்டுத் துழாவி, அந்தச் சின்ன ஊசி மருந்துப் பெட்டியை எடுத்து வந்து ஆர்டிஸின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சட்டையை வயிற்றுக்கு மேல் சுருட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். தும்மல் ஒன்றும் வரவில்லை.